ஆறு இழுப்பு, ஏழாகவும் இருக்கலாம்

1987 யூலை 13, திங்கட்கிழமை, ஜேர்மனியின் எசன் நகர ஏரியில் நோரீன் ஹாலிடே என்ற அவுஸ்திரேலியப் படகோட்டி தன் அணியில் இடத்தை இழந்தாள். இழக்க வைத்தவள் நான். நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். நினைவை மட்டும் நம்பினால் என்னை நானே நல்லவளாக்கிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. மற்றவர்கள் ஆங்கிலத்திலும் ஜேர்மனிலும் சொன்னதை என் காதில் விழுந்த தமிழிலேயே தருகிறேன்.

தொடக்கம் கெல்சென்கிர்ச்சன் மாலை வகுப்பில். எங்கள் ஜேர்மன் ஆசிரியை பிராவ் ஹென்ஸ்லர் ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடிகிற நேரத்தில் கேட்டார்: "ஆருக்கு இங்கிலிஷ் தெரியும்? அதோடை நாப்பத்தைஞ்சு கிலோவுக்குக் குறைஞ்ச ஆளாயும் இருக்க வேணும்."

வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

அவருடைய கணவர் எசனில் ஒரு படகுக் கழகத்தின் படகுகளைப் பராமரிப்பவர். அடுத்த மாதம் டென்மார்க்கில் நடக்கும் உலகப் போட்டிக்காக அவுஸ்திரேலியப் பெண்கள் அங்கே தங்கிப் பயிற்சி எடுத்தார்கள். அவர்களிடம் நான்கு பேர் துடுப்பு வலிக்கும் படகுகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஐந்தாவதாக ஒருத்தி பின்முனையில் உட்கார்ந்து சுக்கான் பிடித்துக் கட்டளை சொல்ல வேண்டும். அவளைக் 'கொக்ஸ்' என்பார்கள். இரண்டாம் படகின் கொக்ஸுக்குக் குடல்வால் வெட்டி ஆஸ்பத்திரியில் படுக்கை. பயிற்சிக்கு மட்டும் ஒருத்தி வேண்டும். சம்பளம் இல்லை, மதியச் சாப்பாடு உண்டு.

நான் ஓம் என்று சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. என் அகதி அனுமதிப் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில், கெல்சென்கிர்ச்சன் நகர எல்லைக்குள் மட்டும் இருக்கலாம், வெளியே போக அனுமதி வேண்டும் என்று முத்திரை குத்தியிருந்தது. எசன் அடுத்த நகரம். ட்ராம் எல்லையைக் கடக்கும்போது மணிகூட அடிக்காது. ஆனாலும் அது அடுத்த நகரம்.

விடுதியில் என்னோடு அறையில் இருந்த சிவமலர் அக்கா, நான் நான்கரைக் கிலோ அரிசியை நிறுத்துத் தலையணை உறையில் போட்டுத் தைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னடி, வள்ளத்திலை வைச்சு ஆக்கப் போறியோ?"

"கொக்ஸ் நாப்பத்தைஞ்சு கிலோ இருக்க வேணுமாம் அக்கா. நான் நாப்பதரை. மிச்சத்துக்கு மூட்டை வைக்க வேணும். அவையளின்ரை மண் மூட்டை பத்துக் கிலோவாம், கூடிப்போகும்."

"நாலு நேரம் வடிவாச் சாப்பிட்டா மூட்டை தேவையில்லை. பொலிஸ் பிடிச்சா அரிசியையாவது திருப்பி அனுப்பச் சொல்லு."

படகை முதன்முதலாகப் பார்த்தபோது அதில் மனிதர்கள் ஏறலாம் என்றே நான் நம்பவில்லை. என் தோள் அகலம்தான் அதன் அகலமும். சுக்கானுக்கு இரண்டு கயிறுகள், கைக்கு ஒன்று. "கயிறை இழுக்காதை, நினை. நினைச்சாலே அது திரும்பும்," என்றாள் நோரீன். துடுப்பு வலிப்பவர்கள் எல்லோரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் என்ன வருகிறது என்று தெரிந்த ஒரே ஆள் கொக்ஸ். முதல்நாள் எனக்குப் பழக்குவதற்காக முதற்படகிலிருந்து வந்த நோரீன் என்னை நோக்கி முதல் இடத்தில் இருந்தாள். அவளுக்குத் தெரிந்தது என் முகம் மட்டும்.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. அணியில் மற்றவர்கள் இருபத்து மூன்று, இருபத்திரண்டு, இருபத்தொன்று. சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் தன் பையைக் கொட்டிக் காட்டினாள். எல்லாம் கையில்லாச் சட்டைகள், வேறு வேறு நாட்டு நிறங்களில்.

"தோத்தவை போட்டிருந்த சட்டையைக் கழட்டி வெண்டவைக்குக் குடுக்கிறது எங்கடை வழக்கம். இது கனடா. இது றுமேனியா, எழுபத்தொன்பதிலை. இது ஒல்லாந்து."

எண்ணினேன். நான்கு.

"குடுத்தது எத்தினை?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் கேட்டிருக்கக்கூடாதோ என்று யோசித்தேன்.

"பதினொண்டு." சிரித்தாள். "பத்து வருசம். மூண்டு தரம் இறுதிப் போட்டி. ரெண்டு தரம் நாலாமிடம். நாலாமிடம் எண்டா என்ன தெரியுமோ? மேடைக்குக் கிட்டப் போய் நிண்டு கை தட்டுறது."

எண்பத்துநாலு வரையில் பெண்களுக்குத் தூரம் ஆயிரம் மீற்றர். பிறகு ஆண்களைப் போல இரண்டாயிரம் ஆக்கினார்கள். நோரீன் ஆயிரத்துக்குப் பழகியவள். அவளுடைய காலம் முடிந்துவிட்டது என்று பயிற்சியாளர் ரஸ்ஸல் வெளிப்படையாகவே சொன்னார். இருபத்தொரு வயது கிம் முதற்படகில் அவளுடைய இடத்துக்குக் காத்திருந்தாள். கிம் கெட்டவள் இல்லை. என் அரிசி மூட்டையைத் தினமும் தூக்கிவந்து வைத்தவள் அவள்தான்.

யாருக்கு இடம் என்று தீர்ப்பதற்கு அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. இரண்டு படகுகளையும் ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓடவிட்டு, இடைவெளியைச் செக்கனில் அளப்பார்கள். பிறகு நடு ஏரியில் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேரை மட்டும் இடம் மாற்றித் திரும்பவும் ஓடவிடுவார்கள். மற்ற எல்லாம் அப்படியே இருக்க வேண்டும்: அதே ஆட்கள், அதே துடுப்புகள், அதே கொக்ஸ். மாறியது ஒன்றே என்றால் இடைவெளி மாறியதற்குக் காரணமும் அந்த ஒன்றே.

திங்கள் காலை முதல் ஓட்டம். நோரீன் முதற்படகில், கிம் நான் சுக்கான் பிடித்த இரண்டாம் படகில். முதற்படகு 1.8 செக்கனால் முந்தியது. பிறகு மாறினார்கள். கிம் அங்கே போனாள். நோரீன் என் முன்னால் வந்து இருந்து, "இப்ப பாப்பம்," என்றாள்.

ஆயிரம் மீற்றர் வரையில் நாங்கள் பக்கத்துக்குப் பக்கம் போனோம். அந்த இடத்தில்தான் ஏரி வளைவிலிருந்து ஒரு வெள்ளைப் படகு வந்தது. பக்கத்தில் நீல எழுத்தில் பொலிஸ். மேல்தட்டில் ஒருவர் எழுந்து நின்று எங்கள் பக்கம் கை உயர்த்தினார்.

என்ன செய்தேன் என்பதை அன்று மத்தியானமே எழுதிவிட்டேன். தலையைக் குனிந்தேன். வலது கயிறு இழுபட்டது. படகு கரைப்பக்கம், நாணல் இருந்த பக்கம், திரும்பியது. எண்ணுவதையும் நிறுத்திவிட்டேன். ஆறு துடுப்பு இழுப்புக்குப் பிறகுதான் திரும்ப நேராக்கினேன். ஏழாகவும் இருக்கலாம்.

ரஸ்ஸலின் மோட்டார்ப் படகு முதற்படகுக்கு அந்தப்பக்கம் வந்துகொண்டிருந்ததால் அவர் எங்களைக் காணவில்லை. வலித்துக்கொண்டிருந்தவர்கள் பொலிஸ் படகைக் கண்டபோது அது எங்களைத் தாண்டிப் போயிருந்தது. முதற்படகு இம்முறை 2.4 செக்கனால் முந்தியது.

கரையில் ரஸ்ஸல் கணக்கைச் சொன்னார். "நோரீன் இருக்கேக்கை 1.8. கிம் இருக்கேக்கை 2.4. கிம் 0.6 செக்கன் கெட்டிக்காரி. இடம் கிம்முக்கு. கையெழுத்தோடை ஆட்சேபணை ஏதும் வந்தா நாளைக் காலமை எட்டு மணிக்குள்ளை. இல்லாட்டி மெல்பேணுக்குத் தந்தி போகும்."

கிம் அழுதாள். நோரீன் அவளைக் கட்டிப்பிடித்தாள். பிறகு படகைத் தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கினாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நான் வளைச்சிட்டன்," என்றேன்.

"தெரியும். உன்ரை கண் எங்கையோ போச்சு. பிறகு துடுப்பிலை பாரம் தெரிஞ்சுது."

"ஏன் சொல்லேல்லை?"

"தோத்தவள் கொக்ஸைக் குறை சொல்லக்கூடாது. அதுவும் எங்கடை வழக்கம்தான்." வாளியைக் கவிழ்த்தாள். "ஆனா எதைப் பாத்தனீ?"

என் பத்திரத்தை எடுத்து முத்திரையைக் காட்டினேன். ஜேர்மன் எழுத்தை விரலால் தடவி, என்னை வாசிக்கச் சொன்னாள். அர்த்தத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"இதுக்குள்ளையும் ஒவ்வொரு நாளும் வந்தனீயோ? விசரி! ஆட்சேபணை ஒண்டும் எழுதாதை. நான் வீட்டை போய் மீன் பிடிப்பன். எனக்காக உன்ரை பேப்பரைக் கெடுக்காதை."

"உங்களுக்காக இல்லை," என்றேன். அது எனக்கே புதிதாக இருந்தது. "நான் வளைச்சதை நான்தான் எழுத வேணும்."

அப்படிச் சொன்னவள் ட்ராமில் வீடு திரும்பும்போது ஏழு நிறுத்தங்கள் வரை எழுதக்கூடாது என்று முடிவுசெய்திருந்தேன். எட்டாவதில் முடிவு மாறியது. ஒன்பதாவதில் திரும்பவும் மாறியது. என் அகதி விண்ணப்பம் ஒருமுறை மறுக்கப்பட்டு நீதிமன்றத்தில் மேன்முறையீடாகக் கிடந்தது. எல்லை தாண்டியது கோப்பில் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஐந்நூறு கோடி மனிதருக்கு ஒரு பொருட்டுமில்லாத பூச்சியம் தசம் ஆறு செக்கனுக்காகவா இதெல்லாம் என்று ஒரு குரல் கேட்டது. பத்து வருசம் சட்டை கழற்றிக் கொடுத்தவளுக்கு அது எவ்வளவு என்று இன்னொரு குரல்.

அன்று மாலை வகுப்பில் பாடம், விபத்து அறிக்கை எழுதுவது. பிராவ் ஹென்ஸ்லர் கரும்பலகையில் ஐந்து கேள்விகள் எழுதினார்: யார், எப்போது, எங்கே, என்ன, ஏன். மற்றவர்கள் சைக்கிளும் காரும் மோதியதை எழுதினார்கள். நான் என்னுடையதை எழுதினேன்.

அவர் சிவப்புப் பேனையோடு குனிந்து வாசித்தார். ஒரு வினைச்சொல்லைத் திருத்தினார். ஒரு காற்புள்ளி போட்டார். ஐந்தாவது கேள்விக்கு வந்ததும் பேனை நின்றது.

"கலாதேவி, இது உண்மையோ? நான் உன்னை அங்கை அனுப்பினனான், நீ ஒண்டும் சொல்லேல்லையே."

"நீங்கள் கேட்டது கிலோவை மட்டும்தான்."

அவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒரு படகு வந்தது, பதறிப்போனன் எண்டு எழுது. அது காணும். பொய்யும் இல்லை. ஏனெண்ட கேள்வியை விடு."

"அஞ்சிலை ஒண்டு குறைஞ்சாலும் அறிக்கை இல்லை எண்டு போன கிழமை எனக்குப் புள்ளி வெட்டினீங்கள்."

"அது பாடம்!"

"இது அறிக்கை."

அவர் கோபப்பட்டார் என்று நினைக்கிறேன். பேனையை மூடிவிட்டு எழுந்து போனார். வகுப்பு முடிந்து கதவடியில் நான் கடக்கும்போது, "விலாசத்திலை வீட்டு இலக்கம் விட்டிட்டாய்," என்று மட்டும் சொன்னார். பார்த்தேன். உண்மைதான்.

சிவமலர் அக்காவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேசையில் காய்ந்துகொண்டிருந்த தாளை அவரே எடுத்துப் பார்த்தார்.

"இதிலை எங்கடை விலாசமெல்லாம் கிடக்கு?"

"ஓம்."

"அந்த வெள்ளைக்காரி உனக்கு என்ன முறை? மச்சாளோ?"

"ஒரு முறையும் இல்லை."

"அப்ப ஏனடி?"

"அக்கா, நான் இஞ்சை வந்து ரெண்டு வருசம். எல்லா இடத்திலையும் என்னைக் கேட்டவை. நான் சொன்னதை ஒருத்தரும் நம்பேல்லை. இப்பதான் முதல்முதலா நான் சொன்னா ஒரு விசயம் மாறும்."

அக்கா தாளைத் திருப்பி மேசையில் வைத்தார், ஈரம் படாத இடமாகப் பார்த்து. "போ. ஆனா என்ரை அரிசி திரும்பி வர வேணும்."

செவ்வாய் காலை ஏழு ஐம்பதுக்கு அறிக்கையைக் கொடுத்தேன். ரஸ்ஸல் ஜேர்மன் வாசிக்கத் தெரியாதவர்; நான் வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எத்தினை இழுப்பு வளைஞ்சது?"

"ஆறு. ஏழாகவும் இருக்கலாம். அஞ்சுக்குக் குறையாது."

"நிச்சயமாத் தெரியாதோ?"

மற்ற நாளாக இருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பேன். "ஆறோ ஏழோ எண்டதுதான் நிச்சயம் இல்லை. வளைச்சது நிச்சயம்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், நோரீனைப் பார்த்தார். "வியாழக்கிழமை ஏழு மணிக்கு ரெண்டு ஓட்டமும் திருப்பி. ஆனா வேறை கொக்ஸ். ஹம்பேர்க் கழகத்திலை ஒரு பெட்டை இருக்காம்."

"ஏலாது," என்றது நோரீன் இல்லை, கிம். "ஒண்டைத்தான் மாத்தலாம். கொக்ஸையும் மாத்தினா நான் வெண்டாலும் அது வெற்றியில்லை. இந்தக் கலாவே பிடிக்கட்டும்."

ஆகவே வியாழக்கிழமை நான் அங்கே இல்லாவிட்டால் ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லாவிட்டால் பழைய கணக்குத்தான் நிற்கும்.

புதன்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் இலக்கம் எடுத்துக் காத்திருந்தேன். மெலிந்த, கண்ணாடி போட்ட அலுவலர் ஒருவர். எசனுக்குப் போக அனுமதி கேட்டு நான் எழுதிய அந்த்ராக்கைக் கொடுத்தேன். விண்ணப்பத்துக்கு எல்லோரும் அதைத்தான் சொல்வோம். அவர் வாசித்தார்.

"படகுக்கோ?"

"ஓம்."

"ரெண்டு கிழமை எடுக்கும்."

"ஓட்டம் நாளைக்கு."

"அப்ப நாளைக்குப் போக ஏலாது."

அறிக்கையின் பிரதியை மேசையில் வைத்தேன். அதற்குப் பின்னால் ஒரு அட்டவணை இணைத்திருந்தேன்: திகதி, ட்ராம் ஏறிய நேரம், திரும்பிய நேரம், காரணம். "ஏற்கெனவே ஆறு தரம் போயிருக்கிறன். நாளைக்கும் போவன். ஒளிச்சுப் போக விருப்பமில்லை. ஒளிச்சதாலைதான் ஒருத்தியின்ரை இடம் போனது."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு அட்டவணையை விரலால் எண்ணினார். "ஏழு," என்றார்.

நானும் எண்ணினேன். வாயால் சொன்னபோது, நேற்று அறிக்கை கொடுக்கப் போனதை விட்டுவிட்டேன். "ஏழுதான். மன்னிக்க வேணும்."

"இதை நான் கோப்பிலை வைக்கத்தான் வேணும், விளங்குதோ?"

"வைக்கத்தான் கொண்டு வந்தனான்."

இரண்டாயிரம் மீற்றர் துடுப்பு வலித்தவர் போல ஒரு பெருமூச்சு விட்டு, வந்த திகதி முத்திரையைக் குத்தினார். போகலாம் என்றும் சொல்லவில்லை. போகாதே என்று இன்னொரு தரமும் சொல்லவில்லை.

வியாழன் காலை ஏரி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. முதல் ஓட்டத்தில் நோரீன் இருந்த முதற்படகு 1.9 செக்கனால் முந்தியது. பிறகு நடு ஏரியில் படகுகளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். கிம்மும் நோரீனும் ஒருவரையொருவர் தாண்டி மாறினார்கள். நோரீன் என் முன்னால் இருந்து காலைக் கட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

எழுநூறு மீற்றரில் வளைவிலிருந்து வெள்ளைப் படகு வந்தது.

அது பொலிஸ் படகின் வழமையான காலைச் சுற்று நேரம் என்று பின்னர்தான் அறிந்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே: நேற்று நான் கொடுத்த தாளில் இன்றைய திகதி, நேரம், இடம் மூன்றும் இருந்தன. எனக்காகத்தான் வருகிறார்கள். சரி, வரட்டும். ஓட்டம் முடியப் பிடிக்கட்டும்.

மேல்தட்டில் அதே ஆள் எழுந்து கை உயர்த்தினார். என் கழுத்து குனியப் பார்த்தது. நான் அவரையே பார்த்தேன், கண் எரியும் வரையில். இரண்டு கயிறுகளும் என் விரல்களில் அசையாமல் கிடந்தன. கட்டளைக்கு ஆங்கிலம் வரவில்லை. "ஒண்டு!" என்று கத்தினேன். "ரெண்டு! மூண்டு!" அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு துடுப்பும் ஒன்றாக விழுந்தன. நோரீன் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். பத்து முடிந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினேன். வெள்ளைப் படகு எங்களைக் கடந்து போனது. அந்த மனிதர் கையை இன்னும் இறக்கவில்லை, அசைத்துக்கொண்டிருந்தார்.

முதற்படகு முந்தியது. ஆனால் 1.1 செக்கனால்.

"நோரீன் இருக்கேக்கை 1.9, கிம் இருக்கேக்கை 1.1," என்றார் ரஸ்ஸல். இரண்டு மணிக்கூடுகளையும் இரண்டு தரம் பார்த்தார். "நோரீன் 0.8." பிறகு தந்தி எழுதப் போனார்.

கிம் தன் சட்டையைக் கழற்றி நோரீனின் தோளில் போட்டாள். நோரீன் அதை வாங்கிக்கொண்டாள். ஐந்து. பிறகு நான்கு பேர் வந்து என் கையையும் காலையும் பிடித்தார்கள். வென்ற படகின் கொக்ஸைத் தண்ணீரில் எறிவது அவர்களுடைய இன்னொரு வழக்கமாம்.

"எனக்கு நீந்தத் தெரியாது! எங்கடை படகு தோத்தது!" என்று கத்தினேன்.

"உன்ரை படகு தோத்தது, நீ வெண்டாய்," என்றாள் நோரீன், என்னைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டே குதித்தாள்.

அரிசி மூட்டை படகிலேயே காய்ந்து கிடந்தது. அக்காவிடம் நான்கரைக் கிலோவும் குறையாமல் கொடுத்தேன். "ஏரித் தண்ணி மணக்குது," என்று சொல்லிக்கொண்டே உலையில் போட்டார்.

நேற்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதியின்றி எல்லை தாண்டியது பற்றி எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். என்ன தண்டனை என்று கடிதத்தில் இல்லை. பயம் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் அது பொய். அட்டவணையைப் புதிதாகப் பிரதி எடுத்தேன். எட்டாவது வரியில் திகதியும் நேரமும் எழுதி, காரணம் என்ற இடத்தில் 'சுக்கானை நேராகப் பிடிக்க' என்று எழுதினேன்.

நோரீனின் அணி சனிக்கிழமை எசனிலிருந்து டென்மார்க்குக்குப் புறப்படுகிறது. கையசைக்கப் போக வேண்டும். அட்டவணையில் ஒன்பதாவது வரிக்கும் இடம் விட்டு, அதன் அடியில் கோடு போட்டுவிட்டுத்தான் தாளை மடித்தேன்.